சாக்கின் மேல் கிடந்த தட்டு

நாலாவது போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் காந்திமதியின் கண் சாக்குப் பக்கம் போனது. போகாமல் இருந்திருந்தால் நிம்மதியாக ஐந்தாவதையும் முறுக்கியிருப்பாள். காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறவளுக்குப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தலைக்கு மேலே இப்போதுதான் ஏற்றி மாட்டிய கியர்பாக்ஸ், அதை ஒட்டி என்ஜின், பக்கத்தில் பீர்க்கனி அண்ணனின் இரண்டு கால்கள். அந்தக் கால்கள் காலையிலிருந்து ஒரு இடத்தில் நின்றதில்லை, பெருநாள் சட்டை போட்ட பிள்ளையைப் போல இங்கேயும் அங்கேயும் நடந்தபடி இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டுக் கண் ஏன் சாக்குக்குப் போக வேண்டும்? போய்விட்டது. சாக்கின் மேல், கழற்றிப் போட்ட பழைய கிளட்ச் தட்டு கிடந்தது. அதன் நடுவில் இருக்கிற புடைப்பு, அந்தக் குட்டி ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கிற வட்டம், தரையைப் பார்த்துக் கிடந்தது. தரையைப் பார்த்து. மேலே பார்த்துக் கிடக்க வேண்டியது. ஸ்பேனர் பாதிச் சுற்றில் நின்றது. இரு, இரு, என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். பழைய தட்டு எப்படிக் கிடந்தால் என்ன, அது குப்பைக்குப் போகிற சாமான். புதிய தட்டு உள்ளே இருக்கிறது. உள்ளே ஒழுங்காக இருக்கிறது. இருக்கிறதா?

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தரை கூட்டுகிறவளாகச் சேர்ந்து, கூட்டுகிற சாக்கில் காருக்கடியில் குனிந்து, சின்னக் கை என்பதால் மற்றவர்கள் கை போகாத சந்துக்குள் கையை விட்டு விட்டு வேலை படித்தவள் அவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புதிய தட்டின் ஒரு முகத்தில் ஃப்ளைவீல் பக்கம் என்று இங்கிலீஷில் அச்சடித்திருப்பார்கள், அன்றைக்கு அது அவளுக்கு வாசிக்க வராது. யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் அடுத்த நாள் விளக்குமாறுதான். அதனால் தானே ஒரு வழி வைத்துக்கொண்டாள். கழற்றுகிற சாமானையெல்லாம் ஒரு சாக்கை விரித்து, கழற்றின வரிசைப்படி, எந்த முகம் அவளைப் பார்த்து வந்ததோ அந்த முகம் மேலே தெரிகிற மாதிரி வைப்பாள். திரும்ப மாட்டும்போது சாக்கைப் பார்த்தால் போதும். சாக்கு சொல்லும். இன்றைக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், சொந்த ஷெட் வைத்து நாலு வருஷம் ஆயிற்று, வாசலில் போர்டு இருக்கிறது. ஆனால் பழக்கம் போகுமா, அச்சடித்ததை அவள் இன்னமும் பார்ப்பதில்லை. சாக்கைத்தான் பார்ப்பாள். ஆக, சாக்கில் தட்டு தலைகீழாகக் கிடந்திருந்தால், அதைப் பார்த்து மாட்டிய புதிய தட்டும் தலைகீழ். தலைகீழாகப் போட்ட தட்டின் புடைப்பு போய், என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற அந்த ஃப்ளைவீலில் முட்டும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் தட்டு விலகாது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கியர் விழவே விழாது. சக்கரங்களுக்குப் போகிற இரண்டு ஆக்சிலையும் ஏற்றி, கேபிளை மாட்டி, ஆள் உட்கார்ந்து மிதித்தால்தான் அது தெரியும். அதற்கு இன்னும் முக்கால் மணி நேர வேலை இருக்கிறது. அப்போது தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும், மணி நாலு ஆகிவிடும். இப்போது பன்னிரண்டு. ரகுமத்து வருகிற விமானம் வாகைக்குளத்தில் இரண்டு மணிக்கு இறங்குகிறது.

ரகுமத்து வருகிறாள். அந்த இரண்டு சொல்லை நினைத்தாலே காந்திமதிக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்க்கிறது, காருக்கடியில் கிடந்தாலும் சிலிர்க்கிறது, கிளட்ச் கவலைக்கு நடுவிலும் சிலிர்க்கிறது. பீர்க்கனி அண்ணனின் பெண்டாட்டி ரகுமத்நிஸா, அவளோடு ஒரே தெருவில் ஒரே கூடத்தில் எட்டு வருஷம் பீடி சுற்றினவள், ஏழு வருஷம் குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டில் வேலை பார்த்துவிட்டு இன்றைக்கு வருகிறாள். காலையில் சென்னையில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து அடுத்த விமானம். இந்த வெள்ளைக் கார் அவள் அனுப்பிய காசில் வாங்கியது. வாங்கி மூன்று வருஷம். அவள் இதில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. போட்டோவில் பார்த்திருக்கிறாள், முன்னால் இருந்து ஒன்று, பின்னால் இருந்து ஒன்று, உள்ளே சீட்டில் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து ஒன்று. இந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததே காந்திமதிதான், தென்காசியில் ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் நின்றதை மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்டு, இதை எடுங்க அண்ணே என்று சொன்னவள் அவள்தான். நேற்றுச் சாயந்தரம் அண்ணன் காரைக் கழுவிப் பொட்டு வைக்காத குறையாகத் துடைத்து, ஒரு சுற்றுப் போய் வரலாமென்று குளத்து மேட்டில் ஏற்றியிருக்கிறார். என்ஜின் கத்துகிறதாம், கார் ஏறவில்லையாம், முடியைத் தீய்த்த மாதிரி நாற்றமாம். ஏழு மாதமாக இழுத்து இழுத்து ஓடியதை எல்லாம் விட்டுவிட்டு நேற்றா போக வேண்டும் இந்தக் கிளட்ச். வேறொரு வண்டி பிடிச்சுப் போயிருங்க அண்ணே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "நம்ம காருல வாங்கன்னு அவ சொல்லியிருக்கா, தங்கச்சி. வாடகைக் காருல ஏத்துனா மொகத்த எங்க கொண்டு வைக்க." அதற்கு மேல் என்ன பேச. காலையில் திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமையானாலும் கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்து, தட்டும் அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் பேரிங்கும் வந்து சேர எட்டரை ஆயிற்று. ஆணியில் அவளுடைய பை தொங்குகிறது, அதற்குள் நீலப் புடவை. அவளும் போகிறாள். முன் சீட்டில் அண்ணன், பின் சீட்டில் அவள். திரும்பும்போது அவளும் ரகுமத்தும் பின் சீட்டில். எழுபது கிலோமீட்டர் பேசிக்கொண்டு வரலாம். பேச வருமா? ஏழு வருஷத்தில் அவள் வேறு ஆளாகியிருந்தால்?

அது கிடக்கட்டும், தட்டைப் பார். தட்டை எப்படி வைத்தாய், யோசி. காந்திமதி கண்ணை மூடினாள். பழைய தட்டைக் கழற்றியது தெளிவாக ஞாபகம் இருக்கிறது, மணி பத்து இருக்கும், தட்டில் கருப்புத் துகள் கை நிறைய உதிர்ந்தது, தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. புடைப்பை மேலே வைத்துத்தான் சாக்கில் போட்டாள். அது சத்தியம். அதற்குப் பிறகு ஃப்ளைவீல். ஃப்ளைவீலை நினைத்ததும் இந்தக் கவலைக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் வந்தது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான். கிளட்ச் வேலையில் மற்றதெல்லாம் கழற்றுவதும் மாட்டுவதும்தான், ஃப்ளைவீல் மட்டும்தான் பேசும். டார்ச்சை அடித்துப் பார்த்தால் ஓட்டுகிறவன் லட்சணம் முழுக்கத் தெரிந்துவிடும். இந்தக் காரின் ஃப்ளைவீலில் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கு ஏறி, அதன் மேல் நீலமும் ஊதாவுமாகச் சூட்டுத் திட்டுகள் வட்டமாகப் படிந்திருந்தன. பூ மாதிரி ஓட்டுவேன் தங்கச்சி என்று அண்ணன் சொல்லிக்கொள்வார். பூவும் இல்லை, காயும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டப் படித்த மனிதர், எதிரே பஸ் வந்தால், ஆடு வந்தால், ஒரு காகிதம் பறந்து வந்தால்கூட இடது காலைக் கிளட்ச் மேல் ஊன்றிக்கொண்டே போயிருக்கிறார். மூன்று வருஷத்துப் பயம் அத்தனையும் அந்த இரும்பில் நீலம் பாரித்துக் கிடந்தது. பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், நல்ல நாளும் அதுவுமாக. விரல் நுனியை வைத்து வட்டமாகத் தடவினாள், குழி இல்லை, நகம் சிக்குகிற விரிசல் இல்லை, லேத்துக்குக் கொண்டுபோய் முகம் சீவ வேண்டிய அளவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த லேத்து திறந்திருக்கப் போகிறது, நல்லவேளை. எமரித் தாளை எடுத்து, வட்டமாகத் தேய்க்காமல் குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்து, அந்த மினுக்கு சாகிற வரை தேய்த்து, துணியில் பெட்ரோல் தொட்டு மூன்று தடவை துடைத்தாள். மூன்றாவது துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. சுற்றியிருக்கிற பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணாமல் எண்ணினாள். ஒன்றும் உடையவில்லை. தேய்த்து முடித்த ஃப்ளைவீல், குளித்துவிட்டு வந்த முகம் மாதிரி, மங்கலாக, சுத்தமாக இருந்தது. அதில் விரல் எண்ணெய்கூடப் படக் கூடாதென்று கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். கழுவப் போன நேரம். ஆமாம், கழுவப் போன நேரம். அப்போதுதான் அண்ணன் குனிந்து சாக்கிலிருந்து தட்டை எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

பார்த்தாள். குழாயடியிலிருந்து பார்த்தாள், சிரித்தும்கொண்டாள், கருவாடு வாங்க வந்தவரைப் போல மோந்து பார்க்கிறாரே என்று. ஆனால் அவர் அதை எப்படித் திரும்ப வைத்தார் என்று பார்க்கவில்லை. சரி, அங்கே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு புதிய தட்டை மாட்டியபோது அவள் சாக்கைப் பார்த்தாளா, இல்லை கையே மாட்டியதா? அந்த நேரத்துக்குப் போக முயன்றாள், போனால் அங்கே ரகுமத்தின் முகம்தான் இருக்கிறது. சரியாக அந்த நேரம்தான் வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காருக்கடியில் நீட்டினார், முழங்கால் ரெண்டும் தரையில், வெள்ளை வேட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. சென்னை விமான நிலையம், பின்னால் யாரோ பெட்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள், நடுவில் ரகுமத்து, கண்ணாடி போட்டிருக்கிறாள், எப்போது கண்ணாடி போட்டாள், கன்னம் வற்றியிருக்கிறது, ஆனால் பல் அதே பல், முன்னால் ஒன்று மேலே ஏறின அதே பல். "ஏளா மதி, இன்னும் காருக்கு அடியிலயாளா கெடக்க? நான் வருதேன்னு எந்திரிச்சு நிக்கப்படாதா?" "நீ வருதேன்னுதான் படுத்துக் கெடக்கேன். உன் மாப்ள காரப் படுத்துன பாட்டுக்கு." அவள் சிரித்த சிரிப்பு ஷெட் தகரத்தில் மோதியது. கையில் அப்போது என்ன இருந்தது? தட்டு இருந்தது. இடது கையில் தட்டு, வலது கையில் நடுத்துளையைச் சமம் பார்க்கிற பழைய ஷாஃப்ட். கண் போனில் இருந்தது. வாய் பேசிக்கொண்டிருந்தது. கை மட்டும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் சாக்கைப் பார்த்தாளா, அந்த ஒரு பார்வை, அரைப் பார்வை? பார்த்திருப்பாள். பழக்கம், பார்க்காமல் இருக்க முடியாது. பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது, கை தானாகப் புடைப்பைத் தன் பக்கம் வைத்திருக்கும், நூறு தடவை வைத்த கை. பார்த்திருந்தால் கெட்டது. தன் நல்ல பழக்கத்தை நினைத்து ஒரு மனுஷி இப்படிப் பயப்படுவாளா? காந்திமதி ஐந்தாவது போல்ட்டை எடுத்தாள். எடுத்து, ஓட்டையில் வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றினாள். சுற்றினபிறகு நிறுத்தினாள். மறுபடி சுற்றினாள்.

கேட்டுவிடலாம். அண்ணே, தட்டை எடுத்தீகளே, எந்தப் பக்கம் வச்சீக? ஒரே ஒரு கேள்வி. ஆனால் கேட்டால் என்ன ஆகும், அவருக்கு என்ன தெரியும், இல்ல தங்கச்சி, நான் அத தொடவே இல்லையே என்பார், பயத்தில். கேட்டதால் அவருக்குத் தெரிந்துவிடும், இவளுக்குச் சந்தேகம் என்று. அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை. ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே டீக்கடைத் தவசி, அவருக்குத் தெரியும். தவசிக்குத் தெரிந்தால் ஆலங்குளத்துக்கே தெரிந்த மாதிரி. ஷெட் திறந்த முதல் மாதம் இவர்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார், மெக்கானிக் வெளிய போயிருக்காரு, அந்தம்மா காவலுக்கு இருக்கு என்று. காந்திமதி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற போர்டைப் பார்த்து அம்மன் பேர் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள், இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் அவளிடமே மெக்கானிக் இல்லையா என்று கேட்பார்கள், அவள் இருக்காரே என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். நாலு வருஷம் ஆயிற்று அந்தச் சிரிப்பைச் சம்பாதிக்க. ஒரு ஆண் மெக்கானிக் மாட்டியதைக் கழற்றினால் அவன் சுத்தமாக வேலை பார்க்கிறவன். இவள் கழற்றினால், பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். சொல்லட்டும், அது போகட்டும், அதுவும் இல்லை பெரிய பயம். பெரிய பயம், கழற்றிப் பார்த்து, தட்டு சரியாகவே இருந்துவிட்டால்? ஒன்றேகால் மணி நேரத்தை வீணாக்கிவிட்டு, ஏழு வருஷத்துக்குப் பிறகு வருகிறவளை வாசலில் நிறுத்திவிட்டு, என் கையை நானே நம்பவில்லை என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். கை எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இத்தனை நாள் இருந்தவள் நாளையிலிருந்து எதைக் கொண்டு வேலை பார்ப்பாள்? ஒவ்வொரு போல்ட்டுக்கும் இப்படி நிற்பாளா? முறுக்கு. முறுக்கிவிட்டு ஆக்சிலை ஏற்று. சரியாகத்தான் இருக்கும். நூறு தடவை வைத்த கை. ஸ்பேனரைப் போட்டு இழுத்தாள், போல்ட் கடைசிச் சுற்றில் இறுகிக் கிறீச்சென்றது. அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, சரியான சத்தம்தான், ஆனால் கண் மறுபடி சாக்குக்குப் போய்விட்டது. தட்டு அப்படியேதான் கிடந்தது. தரையைப் பார்த்து.

பீடிக் கம்பெனி வாசல் எங்கிருந்தோ ஞாபகத்தில் வந்தது. புகையிலை பறந்துவிடும் என்று மின்விசிறி போடாமல் நாலு சுவருக்குள் வேர்க்க வேர்க்கச் சுற்றிய பீடியைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் நடந்து போவார்கள். வரிசையில் நிற்கும்போது ரகுமத்து திடீரென்று ஒரு கட்டை எடுத்து அவிழ்ப்பாள். என்னளா என்றால், இதுல ஒண்ணு தளர்ந்து கெடக்குன்னு தோணுது என்பாள். தோன்றுகிறதாம். இருபத்தைந்தையும் மடியில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலில் உருட்டி, ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று மறுபடி கட்டுவாள், பின்னால் நிற்கிற பெண்கள் எல்லாம் திட்டுவார்கள், அவள் பாட்டுக்குக் கட்டுவாள். காந்திமதி ஒரு நாளும் அவிழ்த்ததில்லை. போவட்டும் என்று தள்ளிவிடுவாள், பாதி நாள் அது கழிவில் விழும். அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஒரு பீடிக்கு இவ்வளவு அழும்பா என்று. இப்போது காருக்கடியில் கிடக்கும்போது, ரகுமத்து எதைக் கொண்டு ஏழு வருஷம் ஒரு அந்நிய வீட்டில் தாக்குப் பிடித்திருப்பாள் என்று யோசித்தால், அதைக் கொண்டுதான் என்று தோன்றியது. திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்று அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கட்டுகிற அந்தக் குணம். அந்த ரகுமத்து வந்து உட்காரப் போகிற காரில் தோன்றியதைத் தோன்றவில்லை என்று மூடிவிட்டுப் புடவை மாற்றப் போவதா? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் அடித்தது பாதி, மீதிப் பாதி, நம்பவே முடியாது, உற்சாகத்தில். சின்ன வயதில் கிணற்றில் குதிக்கிறதுக்கு முன்னால் விளிம்பில் நிற்கும்போது வருமே, அது. அவள் சக்கரப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே." வெயில் கண்ணில் குத்தியது. பீர்க்கனியின் கால்கள் நின்றன. "முடிஞ்சிட்டா தங்கச்சி?" "இல்ல அண்ணே. எனக்கு ஒரு சந்தேகம். உள்ள போட்ட தட்ட நான் திருப்பிப் போட்டுட்டேனோன்னு. எறக்கிப் பாக்கணும்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் பேப்பர் சரசரத்தது. தவசி கேட்டார், "என்ன, தப்பா மாட்டிட்டியா?" அவர் குரலில் கெட்ட எண்ணம்கூட இல்லை, சுவாரசியம்தான் இருந்தது, அது அதைவிட மோசம். "தெரியல. அதான் கழட்டுதேன்." சொல்லி முடித்ததும், அடச்சே, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இதைச் சொல்லவா அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தோம். பீர்க்கனி இன்னும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் ஆவும்?" "ஒரு மணிக்குக் கெளம்பியிருக்க வேண்டியது. இனி ரெண்டே கால் ஆயிரும். கழட்டாம விட்டு, தப்பா இருந்துச்சுன்னா நாலு." அவர் முகம் சுருங்கிப் போய், ஒரு கணம் அழுதுவிடுவார் போலிருந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "கழட்டும்மா. நான் என்ன புடிக்க?"

புடித்தார். ஜாக்கியை அவள் இறக்க இறக்க, கியர்பாக்ஸின் வாலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, அல்லா அல்லா என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி புடித்தார். தவசிகூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து டார்ச்சைப் பிடித்தார், வேடிக்கை கிட்டத்தில் நன்றாகத் தெரியும் என்றும் இருக்கலாம். ஐந்து போல்ட்டும் வந்தன. கியர்பாக்ஸ் பிரிந்து கீழே வந்தது. பிரஷர் பிளேட்டைப் பிடித்திருக்கிற ஆறு போல்ட்டையும் ஒன்று விட்டு ஒன்றாகத் தளர்த்தினாள், அவசரத்தில் ஒரே பக்கமாகத் தளர்த்தினால் கோணிக்கொள்ளும். கை அது பாட்டுக்கு வேலை பார்த்தது. மனம்தான் ஓடியது, சரியாக இருக்கட்டும், இல்லை தப்பாக இருக்கட்டும், சரியாக இருந்தால் நான் முட்டாள், தப்பாக இருந்தால் நான் கவனமில்லாதவள், எது தேவலை, எதுவாக இருந்தாலும் சீக்கிரம் இருக்கட்டும். கடைசிப் போல்ட். பிரஷர் பிளேட்டை இழுத்தாள், தட்டு நழுவி விழாமல் ஃப்ளைவீலோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டிய தட்டையான முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக, எழுத்துக் கூட்டாமலே வாசிக்கிற மாதிரி. தப்புத்தான். முழுத் தப்பு. காந்திமதி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை, காருக்கடியில் கிடந்தபடி கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள், தப்பு கிடைத்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மெக்கானிக் உலகத்தில் இருக்க மாட்டாள். "தப்பாத்தான் போட்டிருக்கேன்," என்றாள் சத்தமாக, தவசிக்குக் கேட்கிற மாதிரி, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி. "அண்ணே, தப்பாத்தான் போட்டிருக்கேன்." பீர்க்கனி டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். "அந்தப் பழசை நான்தான் பெரட்டி வச்சேன் தங்கச்சி. மோந்து பாத்துட்டு." குற்றவாளி மாதிரிச் சொன்னார். "நீங்க பெரட்டுனீக. பாக்காம போட்டது நான்லா," என்றாள் அவள். ஃப்ளைவீலில் புடைப்பு இன்னும் உரசவில்லை, என்ஜின் ஓடவில்லையே, இருந்தாலும் இன்னொரு தடவை பெட்ரோல் துணியால் துடைத்தாள். தட்டைக் கையில் எடுத்து, ஒரு முகத்தைப் பார்த்து, மறு முகத்தைப் பார்த்து, அச்சடித்திருந்ததை வாய்விட்டு வாசித்துவிட்டு, புடைப்பு தன்னைப் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

அதற்குப் பிறகு நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஏற்றினாள், முறுக்கினாள், ஆக்சில் இரண்டும் டக் டக்கென்று போய் உட்கார்ந்தன, கேபிளை மாட்டினாள், பெடலில் எவ்வளவு இளக்கம் வேண்டுமோ அவ்வளவு வைத்தாள். அவளே சீட்டில் ஏறி உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, மிதித்து, கியரைத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி போன மாதிரி விழுந்தது. பின் கியர், அதுவும் விழுந்தது. மணி இரண்டு இருபது. புடவை மாற்ற நேரமில்லை, கையை மட்டும் துடைத்துக்கொண்டு, கிரீஸ் சட்டையோடு அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் ஏறினாள். பை ஆணியிலேயே தொங்கியது. கார் ரோட்டில் ஏறியதுமே போன் அடித்தது. பீர்க்கனி திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு தங்கச்சி. எனக்கு வாய் வராது."

"ரகுமத்து," என்றாள் காந்திமதி. "எறங்கிட்டேன் ஏளா. வெளிய வந்துட்டேன். எங்க நிக்கீங்க?" "இப்பத்தான் ஆலங்குளத்துல இருந்து கெளம்புதோம். ஒன்றரை மணி நேரம் ஆவும். தப்பு என்னோடது. தட்ட மாத்திப் போட்டுட்டேன், திரும்பக் கழட்டி மாட்டுனேன். உன் மாப்ள மேல கோவப்படாத." அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தையை அதட்டுவது கேட்டது, பெட்டிச் சக்கரங்கள் உருள்வது கேட்டது. கோபித்துக்கொண்டாள், காந்திமதி நினைத்தாள், ஏழு வருஷம் கழித்து வந்து இறங்கினவளை ஒரு ஆள்கூட இல்லாத வாசலில் நிறுத்திவிட்டோம், இனி என்ன சொல்லி என்ன. பிறகு ரகுமத்து பேசினாள், குரல் மெதுவாக, ஏதோ ரகசியம் சொல்வது போல இருந்தது. "ஏளா, இங்க வரிசையா நாற்காலி போட்டுக் கெடக்கு. ஒண்ணுல உக்காந்திருக்கேன். இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தரும் என்ன எந்திரின்னு சொல்லல. பகல்ல இப்படி உக்காந்து ஏழு வருசம் ஆச்சு மதி. மெதுவாவே வாங்க." காந்திமதி போனைக் காதோடு வைத்தபடியே இருந்தாள். முன்னால் ஒரு மேடு வந்தது, பீர்க்கனி கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு மாற்றினார், என்ஜின் கத்தாமல் கார் ஏறியது.